பச்சை லைட்டு எரிஞ்சா என்ன அர்த்தம்?

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுற பதிவு. நிரல் எழுதாத மக்கள் நடுவுல வர்ற சாக்கெட் சமாச்சாரத்தை எல்லாம் தாண்டிக் குதிச்சு கடைசிக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். நிரல் எழுதறவங்க குதிக்கப்படாது. :-)

2019 ஜூன் மாசம். விடியக்காலை நாலே முக்கால் இருக்கும். போன் அடிக்குது. தங்கமணி தூக்கத்துலயே "எடுங்க, இல்லேன்னா அணைச்சுத் தொலைங்க"ன்னு சொல்ல, எடுத்தேன். உடுமலைப் பக்கத்துல ஒரு கிராமத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தோட பொறுப்பாளர்.

"சார், பால் கெட்டுப் போச்சுங்க சார்."

எனக்கு ஒண்ணும் புரியல. பால் கெட்டா எனக்கு ஏன் போன்?

"டேங்கர் வந்திருக்குதுங்க. கொஞ்சம் எடுத்துக் கொதிக்க வச்சுப் பார்த்தா திரிஞ்சு போச்சு. உங்க பொட்டில பச்சை லைட்டு எரிஞ்சிட்டேதாங்க இருக்குது. ராத்திரி பூராவும் எரிஞ்சுதுன்னு வாட்ச்மேன் சொல்றாரு. ஆனா எனக்கு ஒரு மெசேஜும் வரலீங்களே?"

தூக்கம் சுத்தமா போயிடுச்சு. ஏன்னா அந்தப் பச்சை லைட்டை எரிய வைக்கிற நிரலை எழுதினது சாட்சாத் இந்த அடியேன்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திடறேன். அப்போ நான் இருந்த கம்பெனி (சின்னது, பேர் வேணாம்) பால் குளிரூட்டுற தொட்டிகளுக்கு ஒரு பொட்டி செஞ்சு குடுத்திட்டு இருந்துச்சு. தொட்டிக்குள்ள ஒரு வெப்பநிலை சென்சார், பொட்டிக்குள்ள ஒரு குட்டி லினக்ஸ், ஒரு சிம் கார்டு. நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை எங்க சர்வருக்கு அனுப்பும். சாயங்காலம் கறந்த பால் கிட்டத்தட்ட மாட்டோட உடம்புச் சூட்டோடதான் வந்து சேரும். அதை சில மணி நேரத்துல 4 டிகிரிக்குக் கொண்டு வரணும். வரலேன்னா சர்வர் பொறுப்பாளரோட செல்லுக்கு மெசேஜ் அனுப்பும். இவ்வளவுதான் மொத்த வித்தையே.

பொட்டி முகப்புல ஒரு பச்சை லைட்டு. எரிஞ்சா சர்வரோட பேசிட்டிருக்கு, அணைஞ்சா பேசலை. நிலையத்துல பொட்டியை மாட்டினப்ப வாட்ச்மேன் பெரியவர்கிட்ட நானே சொன்னது இது. "இது எரிஞ்சா கவலையில்லீங்க, ஆபீஸ்ல பார்த்திட்டிருக்காங்கன்னு அர்த்தம்." இந்த ஒரு வரியை நான் மறக்கவே மாட்டேன்.

ஏன் அப்படின்னா, பொட்டி வர்றதுக்கு முன்னாடி அந்தப் பெரியவர் மணிக்கொரு தரம் டார்ச்சை அடிச்சு தொட்டியில இருக்கிற முள்ளைப் பார்த்து ஒரு நோட்டுல எழுதி வைப்பாராம். பொட்டி வந்ததும் முள்ளைப் பார்க்கிறதை விட்டுட்டு லைட்டைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். நான் சொன்னதைத்தான் அவர் கேட்டார்.

அன்னிக்கு ராத்திரி நடந்தது என்னன்னு அப்புறம் லாகை வச்சுக் கோர்த்தோம். 8 மணி சுமாருக்கு கரண்ட் ஏறி இறங்கியிருக்கு. கம்ப்ரசர் ட்ரிப் ஆகி நின்னுடுச்சு. அதே கரண்ட் பிரச்சனையில பக்கத்து செல் டவரும் கொஞ்ச நேரம் படுத்துடுச்சு. பொட்டிக்கு பேட்டரி இருந்ததால அது மட்டும் முழிச்சிட்டிருந்தது. அப்புறம் டவர் எழுந்துச்சு, மோடம் அதைப் பிடிச்சுது, லைட்டு எரிஞ்சுது. தொட்டிக்குள்ள ஆயிரத்து சொச்சம் லிட்டர் பால் இளஞ்சூட்டுல விடியிற வரைக்கும் உட்கார்ந்திருந்தது.

எங்க ஆபீஸ் பக்கமும் ஒரு ஏற்பாடு உண்டு. ஏதாவது பொட்டியிலேர்ந்து டேட்டா வரலேன்னா மெயில் போகும். மெயில் போயிருக்கு. ராத்திரி எட்டரைக்கு வந்த மெயிலை யார் பார்க்கிறது? பொட்டிக்குள்ளயே ஒரு பஸ்ஸர் வச்சிருக்கலாம். விலை கூடுதுன்னு டிசைன்லயே வெட்டிட்டாங்க. வெட்டின மீட்டிங்ல நானும்தான் தலையாட்டினேன்.

சரி, சாக்கெட்டுக்கு வருவோம்.

ஒரு ஓட்டல் சர்வரை நினைச்சுக்கோங்க. (மனுஷ சர்வர்.) ஒரு டேபிளுக்குப் போய் "என்ன சாப்பிடறீங்க"ன்னு கேட்டுட்டு அவர் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னா அது பிளாக்கிங். "யோசிங்க, வரேன்"னு அடுத்த டேபிளுக்குப் போனா நான்-பிளாக்கிங். எங்க பொட்டியில ஒரே ஒரு லூப்தான். சென்சார், லைட்டு, மோடம், சர்வர்னு எல்லா டேபிளையும் அதே ஆள்தான் கவனிக்கணும். அதனால எல்லா சாக்கெட்டும் நான்-பிளாக்கிங். ரீட் பண்ணப் போனா, டேட்டா இல்லேன்னா நிக்காது. "இப்ப இல்ல, அப்புறம் வா"ன்னு ஒரு எரர் நம்பரைக் குடுத்து உடனே அனுப்பிடும்.

லைட்டை எரிய வைக்க "கனெக்ஷன் இருக்கா"ன்னு ஒரு ஃபங்ஷன். 2016-ல நான் எழுதினது, ஆறே வரி. சாக்கெட்ல ஒரு பைட்டை எடுக்காம எட்டி மட்டும் பார்க்கும், பீக்னு பேர். எட்டிப் பார்த்தா பூஜ்யம் வந்துச்சுன்னா எதிராளி மூடிட்டான், கனெக்ஷன் இல்ல. வேற எரர் வந்தாலும் இல்ல. டேட்டா இருந்தா கனெக்ஷன் இருக்கு. "இப்ப இல்ல, அப்புறம் வா" வந்தாலும்... இருக்கு. எங்கயோ பார்த்து சுட்டதுதான், எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க.

2018-ல ஒரு வாடிக்கையாளர் "டேட்டாவை என்கிரிப்ட் பண்ணித்தான் அனுப்பணும்"னுட்டார். நியாயம்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்லை எடுத்து நடுவுல சொருகினோம். கனெக்ட் இருந்த இடத்துல கனெக்டும் எஸ்எஸ்எல்-கனெக்டும், ரீடுக்கு பதிலா எஸ்எஸ்எல்-ரீட், ரைட்டுக்கு பதிலா எஸ்எஸ்எல்-ரைட். ரெண்டு வாரத்துல முடிஞ்சுது. லைட்டு ஃபங்ஷனை யாரும் தொடல. நல்லா ஓடிட்டிருக்கிறதை ஏன் தொடணும்?

அந்தத் திங்கட்கிழமையே மேனேஜர் அறிக்கை கேட்டார். "செல் நெட்வொர்க் கோளாறுன்னு எழுதிடு"ன்னார். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். டவர் படுத்தது நிஜம்தானே? பொய்யில்லேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

நாங்க எழுதினதைப் படிச்சுட்டு நிலையத்துல என்ன முடிவுக்கு வந்தாங்கன்னா, நெட்வொர்க் இல்லாத நேரத்துல வாட்ச்மேன்தான் பார்த்திருக்கணும், அவர் தூங்கிட்டார். இது எனக்கு அப்போ தெரியாது.

எங்க டீம்ல மதுரைத் தம்பி ஒருத்தன் இருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாசம்தான் ஆச்சு. சேர்ந்த புதுசுல ஒரு நாள் என்கிட்ட வந்து "அண்ணே, இந்த ஃபங்ஷன் எதை வச்சுண்ணே கனெக்ஷன் இருக்குங்குது?"ன்னு கேட்டான். "வேலை செய்யுதில்ல, போய் உன் ஆணியைப் புடுங்குப்பா"ன்னு அனுப்பிட்டேன். அவன்தான் இப்ப பொட்டியோட மெமரி கார்டைப் பிடுங்கி லாகைப் படிச்சிட்டிருந்தான். நான் அதே லாகை ரெண்டு தடவை படிச்சுட்டு "எரர் ஒண்ணுமே இல்லையே"ன்னு மூடி வச்சிருந்தேன்.

"அண்ணே, 8:21-க்கு ஹேண்ட்ஷேக் ஆரம்பிச்சதுன்னு இருக்கு. முடிஞ்சதுங்கிற வரி எங்கண்ணே?"

இல்ல. கீழே விடியக்காலை வரைக்கும் தேடினோம், இல்லவே இல்ல.

நடந்தது இதுதான். டவர் படுத்தப்ப பழைய கனெக்ஷன் சத்தமில்லாம செத்துடுச்சு. பொட்டிக்கு அது தெரியாது. வயரைப் பிடுங்கினா சாக்கெட்டுக்கு யாரும் தந்தி அடிக்கிறதில்ல. பொட்டி வழக்கம்போல ரைட் பண்ணிச்சு, ரைட்டும் வெற்றிங்குது. அந்த வெற்றிக்கு "கர்னலோட பஃபர்ல போட்டாச்சு"ங்கிறதைத் தாண்டி ஒரு அர்த்தமும் கிடையாது. கடிதாசைத் தபால் பெட்டியில போட்ட மாதிரி, அவ்வளவுதான். லினக்ஸ் அந்தப் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். வழக்கமான செட்டிங்ல 15 தடவை, ஒவ்வொண்ணுக்கும் இடைவெளி கூடிட்டே போகும். கையை விரிக்க குறைஞ்சது 924 செகண்ட், அதாவது கால் மணி நேரத்துக்கு மேல. அதுக்கப்புறம்தான் எரர். அந்தக் கால் மணி நேரமும் லைட்டு பச்சைதான்.

8:21-க்கு எரர் வந்துச்சு, பொட்டி புதுசா கனெக்ட் பண்ணிச்சு. நான்-பிளாக்கிங் கனெக்ட் உடனே முடியாது. "நடந்துட்டிருக்கு"ம்பான். சாக்கெட் எழுதத் தயார்னு செலக்ட் சொன்னதும் சாக்கெட்கிட்டயே எரர் உண்டான்னு கேட்கணும். இல்லேன்னா டிசிபி கனெக்ட் ஆயிடுச்சு. இது வரைக்கும் சரியாத்தான் எழுதியிருந்தோம். அடுத்தது டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக். நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு சின்ன வணக்கம் போகும். அந்தப் பக்கத்துலேர்ந்து சர்ட்டிபிகேட்டோட ஒரு பெரிய பதில் வரணும். டவர் எழுந்தப்ப மோடத்துக்குக் கிடைச்ச புது வழியில சின்ன பாக்கெட் போகுது, பெரிய பாக்கெட் நடுவுல எங்கயோ காணாமப் போகுது. வணக்கம் போய்ச் சேர்ந்துச்சு, பதில் வந்து சேரல. சர்வர் கொஞ்ச நேரம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துட்டு கடையை மூடிட்டுப் போயிடுச்சு. அது போனதும் பொட்டிக்குத் தெரியாது.

எஸ்எஸ்எல்-கனெக்டைக் கேட்டா "வான்ட் ரீட்" அப்படிங்குது. எனக்குப் படிக்க ஏதாவது வேணும், வந்தப்புறம் கூப்பிடுன்னு அர்த்தம். இது எரர் இல்ல, வெற்றியும் இல்ல. "இன்னும் இல்ல." எத்தனை தடவை கேட்டாலும், எட்டு மணி நேரம் கழிச்சுக் கேட்டாலும், அதே நிதானத்தோட "இன்னும் இல்ல". எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு அது சொல்லாது, அது அதோட வேலையும் இல்ல. கடிகாரம் நம்ம கையில இருக்கணும். நாங்க கட்டவே இல்ல.

நிமிஷத்துக்கொரு தரம் பொட்டி வெப்பநிலையை எஸ்எஸ்எல்-ரைட் பண்ணப் போயிருக்கு. ஹேண்ட்ஷேக் முடியாததால அதுவும் "வான்ட் ரீட்"னுது. எழுதப் போனவனைப் பார்த்து "படிக்கணும்"ங்குது, கவனிங்க. சாதா சாக்கெட்டோட குடும்பம் நடத்தினவனுக்கு இந்தப் பேச்சே புரியாது. நாங்க அதை "அப்புறம் வா"ன்னு மொழிபெயர்த்து ரீடிங்கை வரிசையில போட்டு வச்சோம். காலையில பார்த்தா வரிசையில 480-க்கு மேல ரீடிங் நிக்குது, ஒவ்வொண்ணும் அபாயம் அபாயம்னு கத்திக்கிட்டு. ஒண்ணுகூட பொட்டியை விட்டு வெளிய போகல.

லைட்டு? செகண்டுக்கு ஒரு தரம் நம்ம ஆறு வரி ஃபங்ஷன் சாக்கெட்டை எட்டிப் பார்த்துச்சு. "இப்ப இல்ல, அப்புறம் வா." அப்படின்னா இருக்கு. பச்சை.

அந்த ஃபங்ஷன்ல இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. அன்னிக்குப் பால் கெட்டதுக்கு அது காரணம் இல்ல, ஆனா சொல்லாம விட மனசு வரல. டிஎல்எஸ்ல ஒருத்தர் பேச்சை முடிக்கும்போது "போயிட்டு வரேன்"னு முறையா சொல்லிட்டுத்தான் போகணும். குளோஸ் நோட்டிஃபைன்னு பேர். அந்தப் போயிட்டு வரேனும் என்கிரிப்ட் ஆகித்தான் வரும். டிஎல்எஸ் 1.3-ல வழக்கமான சைஃபர்ல 24 பைட். சாக்கெட்டை எட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த 24 பைட் என்னவா தெரியும்? டேட்டாவா தெரியும். "ஆஹா, டேட்டா இருக்கே, கனெக்ஷன் இருக்கு!" எதிராளி விடைபெற்றுப் போனதுக்கு வச்சுட்டுப் போன சீட்டைக் காட்டி அவர் உள்ளதான் இருக்கார்னு சாதிக்கிற ஃபங்ஷன் அது.

முறையா சொல்லாம போறதும் உண்டு. அது எதிராளி ஆத்திரத்துல போனதா இருக்கலாம், இல்ல நடுவுல எவனோ பேச்சைப் பாதியில வெட்டினதாவும் இருக்கலாம். பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்ல இது "சிஸ்டம் எரர், ஆனா எரர் நம்பர் பூஜ்யம்"னு ஒரு விசித்திர வேஷத்துல வரும். 2021-ல வந்த 3.0-லேர்ந்து எதிர்பாராத முடிவுன்னு தெளிவா எரராவே சொல்லிடறாங்க. நிறைய பேரோட நிரல் அப்போ அலறுச்சு. பழைய மாதிரியே கண்டுக்காம விடறதுக்கும் ஒரு ஆப்ஷன் குடுத்திருக்காங்க.

டிசிபி கீப்-அலைவ் போட்டிருக்கலாமேன்னு சிலர் நினைப்பீங்க. நானும் நினைச்சேன். லினக்ஸ்ல அது நாமளா போட்டாத்தான் உண்டு. போட்டு மத்த செட்டிங்கைத் தொடாம விட்டா, முதல் விசாரிப்பே 7200 செகண்ட் கழிச்சுத்தான். ரெண்டு மணி நேரம்! பத்தேகாலுக்கு மேலதான் தெரிஞ்சு, மறுபடி கனெக்ட் பண்ணி, மறுபடி அதே ஹேண்ட்ஷேக்ல போய் நின்னிருக்கும். நேரத்தைக் குறைச்சு வச்சாலும் அது விசாரிக்கிறது அந்தப் பக்கத்துக் கர்னலை. கர்னல் முழிச்சிருந்து, மேல நம்ம நிரல் மட்டும் மண்டையைப் போட்டிருந்தாலும் கர்னல் "சௌக்கியம்"னுதான் பதில் சொல்லும்.

அதனால நான் செஞ்சது: ஹேண்ட்ஷேக்குக்கு 30 செகண்ட் கெடு. மோடம் பக்கம் பாக்கெட் அளவைக் குறைச்சோம். அப்புறம் முக்கியமா, நிமிஷத்துக்கு ஒரு தரம் பொட்டி "இருக்கியா"ன்னு கேட்கும், சர்வர்ல நம்ம நிரலே "இருக்கேன்"னு சொல்லணும். 60 செகண்ட்ல பதில் இல்லேன்னா கனெக்ஷனை வெட்டிப் புதுசா ஆரம்பி. ஒரே ராத்திரியில எழுதி, எல்லா பொட்டிக்கும் ஏத்தி விட்டேன். அவசரம். குற்ற உணர்ச்சியில நிரல் எழுதக் கூடாது மக்களே.

அடுத்த நாள் காலையில பார்த்தா நல்லா இருந்த பொட்டியெல்லாம் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கனெக்ஷனை வெட்டிக்கிட்டு மறுபடி மறுபடி வருது. அவ்வ்வ்வ். சர்வர் லாகைப் பார்த்தா "இருக்கேன்" ஒழுங்கா போயிருக்கு. பாக்கெட்டைப் பிடிச்சுப் பார்த்தா அது பொட்டி வரைக்கும் வந்தும் சேர்ந்திருக்கு. பொட்டி மட்டும் "வரல"ங்குது. முதல்ல செத்ததை உயிரோட இருக்குன்னு சொல்லிச்சு, இப்ப உயிரோட இருக்கிறதைச் செத்துப்போச்சுங்குது.

சர்வர் பக்கம் மதுரைத் தம்பி எழுதினது. "உன் பக்கம்தான்டா எங்கயோ தப்பு"ன்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். அவன் ஒண்ணும் பேசல. சாயங்காலம் வரைக்கும் என்னோட நிரலைத்தான் படிச்சிட்டிருந்தான்.

இதைச் சொல்ல எங்க ஆத்தா வீட்டைத்தான் இழுக்கணும். திண்ணையில ஆத்தா உட்கார்ந்திருக்கும். தபால்காரர் மொத்தக் கடிதாசையும் ஆத்தா கையில குடுத்துட்டுப் போயிடுவார். ஆத்தா எல்லாத்தையும் சுருக்குப்பையில போட்டு வச்சுக்கும். நான் போய்க் கேட்டா ஒண்ணே ஒண்ணை எடுத்து நீட்டும். அதை வாங்கிட்டு நான் வாசல்ல நின்னு, அடுத்த கடிதாசுக்கு மறுபடி தெருவைப் பார்த்திட்டிருந்தா? தெருவுல தபால்காரர் இல்ல. கடிதாசு பையில இருக்கு.

டிஎல்எஸ்ல டேட்டா ரெக்கார்டு ரெக்கார்டா வரும், சீல் வச்ச கவர் மாதிரி. ஒண்ணு 16 கேபி வரைக்கும் இருக்கலாம். முழுக் கவரும் வந்து சேர்ந்தாத்தான் சீலை உடைக்க முடியும். அதனால ஓப்பன்எஸ்எஸ்எல் சாக்கெட்லேர்ந்து முழுசையும் உருவி, பிரிச்சு, தன்னோட பையில வச்சுக்கும். நான் எஸ்எஸ்எல்-ரீட் கேட்டப்ப 512 பைட் பஃபர்தான் குடுத்தேன். சர்வர் புது செட்டிங் ஒரு 900 பைட்டை அனுப்பும்போது, அதோட "இருக்கேன்"னையும் ஒரே கவர்ல போட்டு அனுப்பிடுச்சு. முதல் 512 என் கைக்கு வந்துச்சு. மிச்சம் பையில. நான் போய் செலக்ட்ல நின்னு சாக்கெட்டைப் பார்க்கிறேன். சாக்கெட் காலி. ஏன்னா எல்லாத்தையும் ஏற்கெனவே உருவியாச்சு. அறுபது செகண்ட் ஆச்சு. வெட்டு!

"அண்ணே, எஸ்எஸ்எல்-பெண்டிங்னு ஒண்ணு இருக்குண்ணே. பையில மிச்சம் எவ்வளவுன்னு சொல்லும். இல்லாட்டி வான்ட் ரீட் வர்ற வரைக்கும் விடாம படிச்சுட்டு அப்புறமா செலக்டுக்குப் போகணும். நாம ஒரு தடவை மட்டும் படிச்சுட்டுப் போயிடறோம்."

இதுல வெட்கக்கேடு என்னன்னா, இந்தத் தப்பு ஒரு வருஷமா இருந்திருக்கு. இந்த மாதிரி பெரிய கவர் வந்தப்பல்லாம் அதோட வால் பையிலயே தங்கி, சர்வரோட அடுத்த செய்தி தள்ளினப்புறம்தான் வெளிய வந்திருக்கு. பதிலுக்கு யாரும் அவசரப்படாததால யாருக்கும் தெரியல.

இதோட தலைகீழும் உண்டு. சாக்கெட்ல டேட்டா இருக்குன்னு செலக்ட் எழுப்பும், போய்ப் படிச்சா "வான்ட் ரீட்". பாதிக் கவர்தான் வந்திருக்கலாம். டிஎல்எஸ் 1.3-ல ஹேண்ட்ஷேக் முடிஞ்சப்புறம் சர்வர் அனுப்புற செஷன் டிக்கெட்டா இருக்கலாம், அது ஆத்தாவுக்கு வந்த கடிதாசு, நமக்கில்ல. ஆகக் கூடி சாக்கெட் பேசுறதும் பேசாததும் டிஎல்எஸ்ஸைப் பத்தி ஒண்ணும் உறுதியா சொல்லாது. வெறும் சாக்கெட்டை எட்டிப் பார்க்கிறவன் தெருவைத்தான் பார்க்கிறான்.

(இன்னும் ஒண்ணு, இதுக்கு ஒரு முழு நாள் போச்சு. எஸ்எஸ்எல் எரர் எல்லாம் த்ரெட்டுக்கு ஒரு வரிசையில சேரும். முன்னாடி ஒரு கனெக்ஷன்ல வந்த எரரைத் துடைக்காம விட்டா, அடுத்த கனெக்ஷனுக்கு "என்ன ஆச்சு"ன்னு கேட்கும்போது பழைய எரரைக் காட்டி அதையும் சாகடிச்சிடும். ஒவ்வொரு தடவை கூப்பிடறதுக்கு முன்னாடியும் வரிசையைக் காலி பண்ணணும். மேனுவல்லயே போட்டிருக்கு. மேனுவலை எப்பப் படிக்கிறோம், எல்லாம் முடிஞ்சப்புறம்தானே.)

தம்பிகிட்ட அதே நாலு பேர் முன்னாடி "தப்பு என் பக்கம்"னு சொன்னேன். ஒரு காபியோட முடிஞ்சுது. ஆனா அவன் காபியை வச்சுட்டு, "அண்ணே, அந்த வாட்ச்மேனை நிறுத்தப் போறாங்களாம்ண்ணே. பொறுப்பாளர் போன்ல சொன்னார்"ன்னான்.

அடுத்த நாள் ரெண்டு பேரும் பஸ்ஸைப் பிடிச்சோம். மேனேஜர்கிட்ட பொட்டிக்குப் புது நிரல் ஏத்தணும்னு சொல்லிட்டு. ஏத்தவும் வேண்டியிருந்துச்சு, அதனால அதுவும் பொய்யில்ல. ஹி ஹி.

பொறுப்பாளர் முன்னாடி உட்கார்ந்து சொன்னேன். "நெட்வொர்க் கோளாறுன்னு நான் எழுதிக் குடுத்தது அரைகுறைங்க. டவர் படுத்தது நிஜம். ஆனா அதுக்கப்புறம் அந்த லைட்டு அணைஞ்சிருக்கணும், அணையல. அது என் நிரலோட தப்பு. லைட்டு எரிஞ்சா பார்க்க வேண்டாம்னு அவர்கிட்ட சொன்னதும் நான்தான்." எழுதித் தர்றீங்களான்னு கேட்டார். எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை. பால் காசு கடைசியில யார் தலையில விழுந்துச்சுன்னு கேட்காதீங்க. கம்பெனி பாதி குடுத்துச்சு. மீதிப் பாதி, ரெண்டு மாடு, மூணு மாடு வச்சிருக்கிற அம்மாக்களோட பட்டுவாடாவுல கொஞ்சம் கொஞ்சமா கழிஞ்சுது. நான் எழுதிக் குடுத்த காகிதம் வாட்ச்மேன் வேலையைக் காப்பாத்துச்சு, அதைத் தாண்டி ஒண்ணும் செய்யல.

பெரியவர் வெளிய வேப்பமரத்தடியில உட்கார்ந்திருந்தார். என் மேல கோவம் இருக்கும்னு நினைச்சேன். டீ வாங்கிக் குடுத்தார். குடிச்சுட்டு பொட்டிக்கு முன்னாடி போய் நின்னோம். மறுபடி பச்சை எரிஞ்சிட்டிருந்துச்சு.

"ஏனுங்க தம்பி, இது எரிஞ்சா என்னங்க அர்த்தம்?"

சேர்ந்த புதுசுல தம்பி கேட்ட அதே கேள்வி. நான் வாயைத் திறந்தேன். கனெக்ஷன் இருக்குன்னு அர்த்தம்னு சொல்ல முடியாது. டவர் இருக்குன்னோ ஹேண்ட்ஷேக் ஆச்சுன்னோ சொல்லலாம், அதனால அவருக்கு என்ன ஆகப் போகுது? மதுரைத் தம்பிதான் பதில் சொன்னான்.

"ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஆபீஸ்லேர்ந்து பதில் வந்துச்சுன்னு அர்த்தம் தாத்தா. இந்த நிமிஷம் எப்படின்னு இதுக்குத் தெரியாது."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடி நல்லா இருந்துதுன்னு சொல்லுது."

"ஆமா தாத்தா."

"அதச் சொன்னாச் சரிங்."

பஸ்ஸுல திரும்பி வரும்போதே தம்பி லேப்டாப்பைத் திறந்து அந்த ஆறு வரி ஃபங்ஷனை அழிச்சான். "கனெக்ஷன் இருக்கா"ங்கிறதுக்கு பதிலா "கடைசியா பதில் வந்து எத்தனை செகண்ட்" அப்படின்னு ஒண்ணு. ஆமா இல்லைன்னு சொல்லாது, ஒரு நம்பர் சொல்லும். 120-க்கு மேல போனா லைட்டு அணையும். அதோட ஒரு பஸ்ஸரும் வேணும்னு அடுத்த மீட்டிங்ல ரெண்டு பேரும் சண்டை போட்டோம். கிடைச்சுது.

கிளம்பும்போது தொட்டி ரூம் கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு நோட்டு தொங்கிட்டிருந்ததைப் பார்த்தேன். எட்டு மணி, ஒம்பது மணி, பத்து மணின்னு கோடு போட்டு பேனாவுல எழுதியிருந்தார். முந்தின ராத்திரி வரைக்கும் ஒரு மணிகூட விடாம.